மண்ணைத் தாங்குமா தளம்? வட சென்னையும் பசுமைக் கூரையும்

கோடை நெருங்கும்போதெல்லாம் பசுமைக் கூரை, குளிர்கூரை, மாடித் தோட்டம் என்ற மூன்று சொற்களும் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாகச் செய்திகளில் புழங்கத் தொடங்கிவிடுகின்றன. வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் அறிவித்த பின்பு இந்தப் பேச்சு மேலும் கூடியுள்ளது. மொட்டை மாடியில் மண் பரப்பிச் செடி வளர்த்தால் வீடு குளிரும், வெள்ளமும் குறையும் என்று கேள்விப்பட்ட ஒருவர், தண்டையார்பேட்டையிலோ கொருக்குப்பேட்டையிலோ இருக்கும் தம் முப்பது ஆண்டுப் பழைய தளத்தை நிமிர்ந்து பார்த்துக் குழம்புவது இயல்பே. பசுமைக் கூரை என்பது எது, அதன் எடை எவ்வளவு, அது கேட்கும் தண்ணீர் எவ்வளவு, வட சென்னையின் எந்தக் கட்டடங்களுக்கு அது பொருந்தும், எவற்றுக்குப் பொருந்தாது என்பவற்றை இக்கட்டுரை வரிசையாக எடுத்துக்கொள்கிறது. செடியைப் பற்றிய பேச்சு இதில் பின்னால்தான் வருகிறது. முடிவைத் தீர்மானிப்பது தளம் என்பதால் அதற்கே முதலிடம்.

மூன்று சொற்கள், மூன்று பொருள்கள்

மாடித் தோட்டம் என்பது தொட்டிகளிலும் பைகளிலும் செடி வளர்ப்பது. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் வழங்கும் மாடித் தோட்டத் தளைகள், அதாவது பொருள் தொகுப்புகள், இந்த வகையைச் சேர்ந்தவை. பை, தேங்காய் நார்க்கழிவு, விதை, உயிர் உரம் ஆகியவை அவற்றில் இருக்கும். தளத்தின் பெரும்பகுதி வெயிலுக்குத் திறந்தே கிடப்பதால், இது காய்கறிக்கு உதவும் அளவுக்கு வீட்டின் வெப்பத்தைக் குறைக்க உதவாது. வேண்டாமென்றால் பைகளைத் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம் என்பதே இதன் பெரிய வசதி.

குளிர்கூரை என்பது வெயிலைத் திருப்பி அனுப்பும் கூரை. வெள்ளைப் பிரதிபலிப்புப் பூச்சு, வெள்ளை ஓடு, மலிவாக வேண்டுமென்றால் சுண்ணாம்பு என இதற்குப் பல வழிகள் உண்டு. அரசுப் பள்ளிகளில் தமிழ்நாடு அரசு மேற்கொண்டுவரும் திட்டம் இதுவே. பூச்சாக அடித்தால் எடை என்று சொல்ல எதுவும் இல்லை, தண்ணீரும் அதிகம் தேவையில்லை. அழுக்குப் படிந்தால் பயன் குறையும் என்பது மட்டுமே குறை.

பசுமைக் கூரை இவ்விரண்டிலிருந்தும் வேறானது. தளத்தின் மேல் நீர்த்தடுப்பு, வேர்த்தடுப்பு, வடிகால் ஆகிய அடுக்குகளை நிரந்தரமாக அமைத்து, அவற்றின் மேல் வளர்ப்பு ஊடகத்தைப் பரப்பி, அதில் செடிகளை நெருக்கமாக நட்டு உருவாக்கப்படும் கூரை இது. கட்டடத்தின் ஓர் உறுப்பாகவே ஆகிவிடுவதால் நினைத்தபோது நகர்த்திவைக்க முடியாது. இதில் இரண்டு வகை உண்டு. ஊடகத்தின் ஆழம் 15 சென்டிமீட்டருக்குள் இருந்து, தரையோடு படரும் செடிகளை மட்டும் தாங்குவது மெல்லிய வகை. 20 சென்டிமீட்டரைத் தாண்டி, புதர்களும் சிறு மரங்களும் வளரும் அளவுக்கு மண் கொண்டது தடித்த வகை. இணையத்தில் பரவும் சிங்கப்பூர்ப் படங்களில் பெரும்பாலும் தெரிவது தடித்த வகை. அதற்கென்றே வடிவமைக்கப்பட்ட தூண்களும் உத்திரங்களும் அந்தப் படங்களில் தெரிவதில்லை.

கீழிருந்து மேலாக ஆறு அடுக்கு

1. நீர்த்தடுப்பு. தளத்தின் மேல் ஒட்டப்படும் பிட்டுமன் அல்லது பாலிமர் படலம் அல்லது தூரிகையால் அடிக்கப்படும் பூச்சு. கைப்பிடிச் சுவரின் மேலும் இது ஓரடி உயரம் வரையாவது ஏறியிருக்க வேண்டும். தளமும் சுவரும் சேரும் மூலையில்தான் கசிவு பெரும்பாலும் தொடங்குகிறது.

2. வேர்த்தடுப்பு. தடித்த பாலிஎத்திலீன் தாள். சென்னையில் இதன் தேவையை யாருக்கும் நிரூபித்துக் காட்ட வேண்டியதில்லை. காக்கை எச்சத்தில் வந்த ஆல விதையோ அரச விதையோ கைப்பிடிச் சுவரின் விரிசலில் முளைத்து, தண்ணீர் ஊற்ற ஆளே இல்லாமல் இரண்டே மழைக்காலத்தில் செங்கல்லைப் பிளந்து நிற்பதை எந்தத் தெருவிலும் காணலாம். மண் பரப்பிய கூரை அந்த விதைகளுக்கு விரித்துவைத்த பாய் போன்றது.

3. வடிகால் அடுக்கு. முட்டை அட்டையைப் போல் குழிகள் கொண்ட பிளாஸ்டிக் பலகை. குழிகளில் கொஞ்சம் நீர் தங்கும். மிகுதி அடியில் ஓடி மழைநீர்க் குழாயை அடையும்.

4. வடிகட்டித் துணி. மண் துகள் கரைந்து கீழே இறங்காமல் தடுக்கும் நெய்யப்படாத துணி. இது இல்லாவிட்டால் முதல் பருவமழையிலேயே குழாய் வாய் அடைபடும்.

5. வளர்ப்பு ஊடகம். இது தோட்டத்து மண் அல்ல. உடைத்த செங்கல் போன்ற துளைகள் கொண்ட கனிமப் பொருளும், தேங்காய் நார்க்கழிவும், கொஞ்சம் மட்கிய உரமும் சேர்ந்த கலவை. நார்க்கழிவை மட்டும் நம்பினால் அது ஓரிரு ஆண்டில் மட்கி அமிழ்ந்துவிடும். எனவே கனிமப் பங்கே பெரிதாக இருக்க வேண்டும்.

6. செடிகள்.

இந்த ஆறில் முதல் அடுக்கில் செய்த தவறை மற்ற ஐந்து அடுக்குகளும் சேர்ந்து மறைத்துவிடும். கசிவு எங்கே என்று தேட மேலிருக்கும் எல்லாவற்றையும் அகற்ற வேண்டிவரும். ஆகவே நீர்த்தடுப்பு முடிந்ததும் தண்ணீர் கட்டிப் பார்க்காமல் அடுத்த அடுக்கைத் தொடக்கூடாது. மழைநீர்க் குழாய் வாய்களை அடைத்து, தளம் முழுவதும் குறைந்தது ஓர் அங்குல உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தி, 48 முதல் 72 மணி நேரம் விட்டு, கீழ் அறையின் மேற்கூரையில் ஈரத்திட்டு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தண்ணீரைத் திறந்துவிட்ட பின், அது எந்த மூலையிலும் குட்டையாக நிற்காமல் ஓடுகிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். நூறு அடிக்கு ஓரடியாவது சரிவு இருந்தால்தான் மேஸ்திரிகள் சொல்லும் வாட்டம் சரியாக இருக்கிறது என்று பொருள்.

எடைக் கணக்கு

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்றால் ஒரு லிட்டர். அதன் எடை ஒரு கிலோ. இந்த ஒற்றை உறவை நினைவில் வைத்தால் பாதிக் கணக்கு முடிந்துவிடும்.

தொட்டியில் இருக்கும் காய்ந்த மண்ணைத் தூக்கிப் பார்த்து எடையை ஊகிப்பதே பொதுவான பிழை. கூரை தாங்க வேண்டியது நனைந்த மண்ணின் எடையை. நன்றாக நனைந்த சாதாரண மண் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 1.8 டன் இருக்கும். 600 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 56 சதுர மீட்டர் மாடியில், இதை 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பரப்பினால் மொத்தம் 10 டன். ஆயிரம் லிட்டர் தண்ணீர் டேங்க் பத்தை நிரப்பி மாடியில் வைப்பதற்கு இது சமம். ஒரு சதுர மீட்டருக்கு 180 கிலோ. மேலே சொன்ன எடை குறைந்த கலவையைப் பயன்படுத்தினால் இதே ஆழத்துக்கு அதை 100 முதல் 120 கிலோவாகக் குறைக்கலாம்.

இதை எதனோடு ஒப்பிட வேண்டும்? இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875, இரண்டாம் பகுதி, மக்கள் ஏறி நடமாடும் தட்டைக் கூரைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 150 கிலோ சுமையை வடிவமைப்பில் எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. ஆள் ஏறாத கூரைக்கு இதில் பாதி. இதை லைவ் லோடு, அதாவது வந்துபோகும் சுமை என்பார்கள். மண்ணோ வந்துபோவதில்லை, ஆண்டு முழுவதும் அங்கேயே கிடக்கும் நிலைச் சுமை அது. வந்துபோகும் சுமைக்கென ஒதுக்கிய 150 கிலோவில் 120 கிலோவை மண்ணே நிரந்தரமாகப் பிடித்துக்கொண்டால், திருமணத்துக்கோ துக்கத்துக்கோ மாடியில் ஷாமியானா போட்டுக் கூடும் ஐம்பது பேருக்கு மிஞ்சுவது என்ன என்ற கேள்வி எழும்.

டேங்கைத் தாங்கும் தளம் மண்ணைத் தாங்காதா என்று கேட்பவர்கள் உண்டு. டேங்க் பெரும்பாலும் மாடிப்படி அறையின் மேலோ, சுவரும் உத்திரமும் சந்திக்கும் இடத்திலோ நிற்கிறது. அங்கே சுமை நேராகக் கீழே இறங்கிவிடும். பரப்பிய மண்ணோ சுவர்களுக்கு நடுவே, தளம் வளையும் இடத்திலும் அழுத்துகிறது.

இன்னொரு மறைந்த எடையும் உண்டு. சென்னை மாடிகளில் கான்கிரீட்டின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த அடுக்கு ஒன்றும், அதன் மேல் தட்டோடும் இருக்கும். வெதரிங் கோர்ஸ் எனப்படும் இந்த அடுக்கே ஒரு சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிலோ எடை கொண்டது. ஒழுகத் தொடங்கியதும், பழையதைக் கொத்தி எடுக்கும் செலவுக்கு அஞ்சி, அதன் மேலேயே கலவை போட்டுப் புது ஓடு பதித்த மாடிகள் இங்கு ஏராளம். சில இடங்களில் மூன்று தலைமுறை ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. பொறியாளர் அன்று ஒதுக்கிவைத்த கூடுதல் பலம் அங்கே ஏற்கெனவே செலவாகிவிட்டது.

வட சென்னைத் தளங்களின் நிலை

கடல் ஓரத்தில் இருக்கும் கான்கிரீட்டுக்கு உப்பு ஓயாத பகை. காற்றில் வரும் குளோரைடு, ஈரத்தோடு சேர்ந்து கான்கிரீட்டுக்குள் ஊடுருவிக் கம்பியை அடைந்ததும் துரு தொடங்குகிறது. துரு, அசல் இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிப்பதால் கான்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கிறது. அறையின் மேற்கூரையில் கம்பி ஓடும் கோட்டிலேயே நீளமாக விரிசல் விழுவதும், பிறகு அங்கே காரை உப்பிப் பெயர்ந்து கட்டிலின் மேல் விழுவதும், அதன்பின் பழுப்பு நிறக் கம்பி வெளியே தெரிவதும் இதன் படிகள். காசிமேடு முதல் எண்ணூர் வரை கடலை ஒட்டிய வீடுகளில் இது அன்றாடக் காட்சி. இத்தகைய தளத்தின் மேல் ஆண்டு முழுவதும் ஈரமான மண்ணைக் கிடத்துவது, நீர்த்தடுப்பில் சிறு பிழை இருந்தாலும், துருவுக்கு வேண்டியதைத் தேடிக் கொடுப்பதாகும்.

2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக் கட்டடம் இடிந்து விழுந்தது. முன்னதாகவே விரிசலைக் கண்டு மக்கள் வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. அதற்கு மாடித் தோட்டம் எதுவும் காரணமல்ல. எனினும், இப்பகுதியில் பழைய கட்டடங்களின் மேல் எந்தக் கூடுதல் எடையையும் ஏற்றுவதற்கு முன் கட்டமைப்புப் பொறியாளரின் சான்று தேவை என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை.

கட்டட வகைப்படி பார்த்தால் படம் இன்னும் தெளிவாகும்.

1. ஜார்ஜ் டவுன், ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை ஆகிய இடங்களில் மிஞ்சியிருக்கும் மெட்ராஸ் டெரஸ் வீடுகள். தேக்கு உத்திரங்களின் மேல் செங்கற்களை நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட கூரை இவற்றுடையது. உத்திரத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும் இடத்தில் ஈரம் தங்கினால் மரம் உளுத்துவிடும். இவற்றில் பசுமைக் கூரை கூடாது. தொட்டிகள்கூடச் சுவரை ஒட்டி, அளவாக இருப்பது நல்லது.

2. தகர ஷீட், சிமென்ட் ஷீட் போட்ட வீடுகள். வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் கால்வாய் ஓரக் குடியிருப்புகளிலும் வெயிலால் மிக அதிகமாக வாடுபவர்கள் இவற்றின் கீழ் வாழ்பவர்களே. பசுமைக் கூரை இவர்களுக்குச் சென்று சேரவே முடியாது என்பது இந்தத் தொழில்நுட்பத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய உண்மை. வெள்ளைப் பூச்சும் உள்ளே ஒரு தடுப்புக் கூரையுமே இங்கே உதவும்.

3. மணலி, எண்ணூர், மாதவரம் கிடங்குகள். பரப்பு மிகப் பெரிது. ஆனால் மெல்லிய இரும்புச் சட்டத்தின் மேல் போட்ட உலோக ஷீட். குளிர்கூரைக்கும் சூரிய மின் தகட்டுக்கும் ஏற்றவை, மண்ணுக்கு அல்ல.

4. கடந்த பதினைந்து, இருபது ஆண்டுகளில் முறையான வரைபடத்தோடு கட்டிய தூண்-உத்திர அடுக்குமாடிகள். பொறியாளர் கணக்கிட்டு அனுமதித்தால் மெல்லிய வகையை, மாடியின் ஒரு பகுதியில் அமைக்கலாம். மொட்டை மாடி எல்லா வீட்டாருக்கும் பொதுவான இடம் என்பதால் உரிமையாளர் சங்கத்தின் ஒப்புதலும் வேண்டும். துணி காயப்போடவும், வடாம் பிழியவும், மின்சாரம் போன இரவில் பாய் விரிக்கவும் இடம் விடாத வடிவமைப்பு அந்த ஒப்புதலைப் பெறப்போவதில்லை.

5. இனி கட்டப்படுபவை. 2024 மார்ச்சில் தொடங்கப்பட்ட வட சென்னை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் வருவன உட்பட, புதிய பள்ளிகள், மருத்துவமனைகள், சமுதாயக் கூடங்கள், குடியிருப்புகள். வரைபட நிலையிலேயே சதுர மீட்டருக்கு 200 கிலோ கூடுதலாக எடுத்துக்கொண்டால், கம்பியிலும் கான்கிரீட்டிலும் செலவு ஓரளவே கூடும். கட்டி முடித்த பின் அதே பலத்தைச் சேர்ப்பது அநேகமாக இயலாத காரியம். பசுமைக் கூரைக்கு வட சென்னையில் உண்மையான இடம் இந்த ஐந்தாவது வகையில்தான் இருக்கிறது.

வெப்பம் எவ்வாறு குறைகிறது

வெயில் காலத்தில் கான்கிரீட் தளத்தின் மேற்பரப்பு பிற்பகலில் 60 டிகிரி செல்சியஸை எட்டக்கூடும். அந்த வெப்பம் மெல்ல உள்ளிறங்கி, இரவு ஒன்பது, பத்து மணிக்குத்தான் அறைக்குள் கொட்டுகிறது. கடற்காற்று வந்து வெளியே குளிர்ந்த பின்பும் மேல்மாடியில் மின்விசிறி அனல் வீசுவது இதனால்தான்.

பசுமைக் கூரை இதை இரண்டு வழிகளில் தடுக்கிறது. முதலாவது நிழல்: இலைகள் வெயிலைத் தாங்கிக்கொள்வதால் தளம் நேரடியாகச் சூடாவதில்லை. இரண்டாவது ஆவியாதல்: ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 0.67 கிலோவாட் மணி வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. செடிகள் நன்கு மூடிய, நீர் குறையாத கூரையிலிருந்து நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் ஆவியானால், நமது 56 சதுர மீட்டர் மாடியில் அது 280 லிட்டர். வெளியேறும் வெப்பம் ஏறக்குறைய 190 கிலோவாட் மணி. அன்று அந்த மாடியில் விழும் வெயிலின் மொத்த வெப்பத்தில் இது பாதிக்கு மேல். இதை 190 யூனிட் மின்சாரம் மிச்சம் என்று விளம்பரங்கள் படித்துவிடக்கூடாது. வெயிலின் வெப்பம் வேறு, ஏசி இழுக்கும் மின்சாரம் வேறு. சாதாரணக் கூரையைவிடப் பசுமைக் கூரையின் மேற்பரப்பு 17 முதல் 22 டிகிரி செல்சியஸ் வரை குறைவாக இருக்கக்கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கூறுகிறது. அறையின் காற்று அதே அளவு குறையும் என்று அதற்குப் பொருளல்ல.

நனைந்த மண் தன்னளவில் நல்ல வெப்பத்தடுப்பு அல்ல என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். குளிர்ச்சியைத் தருவது இலையும் ஆவியும். செடி பட்டுப்போய் மண் மட்டும் மிஞ்சிய கூரை, எடையைக் கொடுத்துவிட்டுப் பயனை எடுத்துக்கொண்டுவிடுகிறது. தவிர, எந்த நிலையிலும் பயன் மேல்மாடிக்கு மட்டுமே. நான்கு மாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. பராமரிப்புப் பணம் வசூலிக்கும்போது சங்கக் கூட்டத்தில் இது கட்டாயம் கிளம்பும்.

வெள்ளைப் பூச்சோடு ஒப்பிடுகையில், மணலி, எண்ணூர் பகுதிகளுக்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு. அனல்மின் நிலையச் சாம்பலும், நிலக்கரித் தூளும், கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியும் படிந்து வெள்ளைக் கூரை விரைவில் சாம்பல் நிறமாகும். மழைக்காலம் கழுவிவிட்டாலும், பங்குனி, சித்திரையில், அதாவது தேவை மிகும் நேரத்தில், ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். அப்படியும் அதற்கு ஆகும் தண்ணீர், செடிக்கு ஆகும் தண்ணீரில் ஒரு சிறு துளியே.

தண்ணீர் இருக்கும்போதும் இல்லாதபோதும்

சென்னையின் ஆண்டு மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். அதில் ஏறக்குறைய 60 விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில் கொட்டிவிடுகிறது. ஆண்டு முழுவதும் தூறிக்கொண்டிருக்கும் ஐரோப்பிய நகரங்களில், கூரையில் விழும் மழையில் பாதியைப் பசுமைக் கூரை பிடித்துவைக்கும் என்று சொல்லும் கணக்குகள் இங்கே அப்படியே பொருந்தாததற்கு இதுவே காரணம்.

10 சென்டிமீட்டர் ஊடகம், காய்ந்திருக்கும் நிலையில், 30 மில்லிமீட்டர் மழையைப் பிடித்துவைக்கும் எனக் கொள்ளலாம். ஜூலை மாத மாலையில் பெய்யும் இடிமழைக்கு இது நன்றாகவே ஈடுகொடுக்கும். தெருவில் கழிவுநீர்க் கால்வாய் பொங்குவது அந்த அளவுக்குக் குறையும். ஆனால் 2015 டிசம்பர் தொடக்கத்தில் நுங்கம்பாக்கத்தில் 24 மணி நேரத்தில் பதிவானது சுமார் 29 சென்டிமீட்டர். அதில் பத்தில் ஒரு பங்கைத்தான் காய்ந்த கூரைகூடத் தாங்கும். அதற்கு முந்தைய நவம்பர் முழுவதும் நனைந்து ஊறிய கூரைக்கு அந்தப் பங்கும் இல்லை. 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயல் மழைக்கும் இதே கணக்குதான். பக்கிங்காம் கால்வாயும் ஓட்டேரி நல்லா ஓடையும் கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரமும் தூர்ந்திருக்கும்போது, வெள்ளத்துக்கு மருந்தாகக் கூரைச் செடியைக் காட்டுவது கவனத்தைத் திசைதிருப்பும் வேலை.

மறுபக்கம் கோடை. மேலே கண்ட 280 லிட்டரைக் குடத்தில் அளந்தால், 15 லிட்டர் குடத்தால் பத்தொன்பது குடம். லாரித் தண்ணீருக்காகத் தெருமுனையில் குடங்களை வரிசை வைத்துக் காத்திருந்த 2019 கோடையை நினைவில் வைத்திருக்கும் ஒரு பகுதியில், நாள்தோறும் பத்தொன்பது குடம் நல்ல தண்ணீரைக் கூரைக்கு ஊற்றச் சொல்லும் திட்டம் ஒரு வாரம்கூட நிலைக்காது. வறட்சி தாங்கும் செடிகளை நட்டு, குளிர்ச்சியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால், ஏழெட்டுக் குடத்தில் சமாளிக்கலாம். அதையும் வேறு வழிகளில் தேட வேண்டும்.

ஈரக்காற்று மிகுந்த சென்னையில் ஒரு ஏசி மணிக்கு ஒரு லிட்டர் அளவில் நீரைச் சொட்டுகிறது. உப்பில்லாத அந்த நீர் செடிக்கு நல்லது. துணி அலசிய கடைசித் தண்ணீரை மணல் வடிகட்டி வழியே விடலாம். ஆர்ஓ இயந்திரத்தின் கழிவுநீரை விடக்கூடாது. அதில் உப்பு செறிந்திருக்கும். கடல்நீர் உட்புகுந்த பகுதிகளின் உவர்த்த போர் தண்ணீருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும், ஏனெனில் ஆழமற்ற ஊடகத்தில் உப்பு கோடை முழுவதும் சேர்ந்துகொண்டே போகும். பெரிய அரசுக் கட்டடங்களுக்கு வேறொரு வாய்ப்பு உண்டு. கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும், நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கொள்ளளவுள்ள நிலையம் கொடுங்கையூரில் 2019 முதல் இருக்கிறது. அந்தத் தரத்தில் ஒரு டேங்கர் நீர் வட்டாரப் பள்ளிகளின் கூரைகளுக்குக் கிடைக்குமானால், குடிநீரோடு போட்டி இருக்காது.

எந்தச் செடி

குளிர்நாட்டுப் பசுமைக் கூரைகளில் பெரிதும் நடப்படுவது சீடம் எனும் சதைப்பற்றுள்ள செடி. நமது ஐப்பசி அடைமழையில் அதன் வேர் அழுகிவிடும். வெயிலையும் உப்பையும் மூன்று மாத மழையையும் ஒருங்கே தாங்கும் செடிகள் எண்ணூர்க் கடற்கரையிலேயே இருக்கின்றன. மணலில் படரும் அடும்பு, உப்பங்கழி ஓரத்து வங்காரவள்ளை ஆகியவற்றோடு, பருப்புக்கீரை, பத்துமணிப் பூ, கற்பூரவல்லி, சோற்றுக்கற்றாழை, பிரண்டை, நித்தியகல்யாணி ஆகியவற்றைக் கலந்து நட்டால், ஒன்று வாடும் பருவத்தில் இன்னொன்று மூடிக்கொள்ளும். அடும்பின் கொடி வெகுதூரம் ஓடும் என்பதால் ஓரங்களில் கத்தரித்து விட வேண்டும். புல்வெளி கண்ணுக்கு அழகு. தண்ணீர்க் கணக்கில் அதுவே மோசம்.

கீரை, காய்கறிகளை நடுபவர்கள், தூசு படியும் தொழிற்பேட்டைப் பகுதிகளில் இலைகளை நன்கு அலசிப் பயன்படுத்துவதும், எங்கிருந்து வந்தது என்று தெரியாத குப்பை உரத்தைத் தவிர்ப்பதும் அவசியம். கொசு மற்றொரு கவலை. வாட்டம் சரியாக இருந்து, வடிகால் பலகையின் மேல் ஊடகம் முழுவதுமாக மூடியிருந்தால் வெளியே தெரியும் நீர்ப்பரப்பே இருக்காது. கொசு முட்டையிடுவது அருகில் மறந்துவைத்த தொட்டித் தட்டில்தான்.

சூரிய மின் தகடும் செடியும் ஒரே மாடிக்குப் போட்டியிட வேண்டியதில்லை. பிரதமரின் சூரிய வீடு திட்டம் 2024 முதல் 3 கிலோவாட் தகட்டுக்கு ரூ.78,000 வரை மானியம் தருவதால், பல வீடுகள் அதையே தேர்ந்தெடுக்கும். அது சரியான தேர்வும்கூட. இடமும் பலமும் உள்ள இடத்தில், தகட்டைச் சற்று உயர்த்தி, அடியில் தாழ்வான செடிகளை வைக்கலாம். வெப்பம் ஒரு டிகிரி ஏறும்போது தகட்டின் உற்பத்தி ஏறத்தாழ 0.4 விழுக்காடு குறைவதால், கீழிருந்து வரும் குளிர்ச்சி தகட்டுக்கும் உதவும்.

ஊக்குவிக்கும் வழிகள்

உலக நகரங்கள் மூன்று வழிகளைக் கையாண்டுள்ளன. ஒன்று, கட்டாயம். டோக்கியோ 2001-இல், 1,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள தனியார் மனைகளில் எழும் புதிய கட்டடங்கள் பயன்படுத்தத்தக்க கூரையில் 20 விழுக்காட்டைப் பசுமையாக்க வேண்டும் என்றது. டொராண்டோ 2009-இல் இயற்றிய விதி, 2,000 சதுர மீட்டர் தளப்பரப்பிலிருந்து தொடங்கி, கட்டடத்தின் அளவுக்கேற்பக் கூரையில் 20 முதல் 60 விழுக்காடு வரை கேட்டது. இரண்டு, மானியம். சிங்கப்பூர் 2009 முதல் அமைப்புச் செலவில் பாதி வரை ஏற்றது. மூன்று, கட்டணக் கழிவு. ஜெர்மன் நகரங்களில் மழைநீரை வடிகாலுக்கு அனுப்பும் பரப்புக்குத் தனிக் கட்டணம் உண்டு. பசுமைக் கூரை போட்டால் அது குறையும்.

இவற்றில் முதலாவதைப் போன்ற ஒன்றைத் தமிழ்நாடு ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறது. 2003-இல் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. குறுகிய காலத்தில் நகரமே குழாய் பதித்தது. நிலத்தடி நீரும் உயர்ந்தது. பின்னர்ப் பராமரிப்பைக் கேட்பார் இல்லாமல், பல வீடுகளில் குழாய் சுவரில் நிற்கிறது, அது இறங்கும் குழி மண்மூடிக் கிடக்கிறது. மழைநீர்க் குழி மூடினால் இழப்பு தண்ணீரோடு போயிற்று. பராமரிக்காத பசுமைக் கூரையோ கீழே இருப்பவரின் தலைக்கு மேல் கனத்துக்கொண்டிருக்கும். எனவே இருக்கும் வீடுகளுக்கு இதைக் கட்டாயமாக்குவது ஆபத்தானது. புதிய, பெரிய கட்டடங்களுக்கு மட்டும், குறிப்பாக அரசுக் கட்டடங்களுக்கு, வரைபட நிலையிலேயே விதிப்பது தகும். வீடுகளுக்கு வெள்ளைப் பூச்சுக்கான உதவியும், தளத்தின் பலத்தைச் சோதித்துத் தரும் மலிவான சேவையும் முதலில் தேவை.

அரசுப் பள்ளிகளில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. கூரைக்கு அதிகத் தண்ணீர் தேவைப்படும் மே மாதத்தில் பள்ளிக்கு விடுமுறை, வாயிற்கதவுக்குப் பூட்டு. புதிதாக நட்ட செடிகள் வேர்பிடிக்கும் முதல் கோடையிலேயே இப்படிப் பட்டுப்போனால், ஜூனில் திரும்பிவரும் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது வறண்ட மண். ஆகவே ஒப்பந்தத்திலேயே மூன்று ஆண்டுப் பராமரிப்பையும், சொட்டுநீர்க் குழாயையும், விடுமுறையில் வாரம் இருமுறை மேலே ஏறிப் பார்க்க ஒருவரையும் எழுதிச் சேர்க்க வேண்டும். ஒப்பந்ததாரரின் கடைசித் தவணையை, கூரை ஒரு கார்த்திகை மழையில் ஒழுகாமலும் ஒரு மே வெயிலில் கருகாமலும் நின்ற பிறகு கொடுத்தால் போதும்.